ரெண்டு கிலோ கழிவு

லோஜினியின் தராசை ஜீவராணிக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. தராசில் ஒரு குறையும் இல்லை, அது லோஜினியுடையது என்பதே போதுமாக இருந்தது. தன் தம்பி கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று மருமகள் ஒன்லைனில் எடுப்பித்த கண்ணாடித் தராசு அது. கல்யாணமும் முடிந்தது, லோஜினி இளைக்காமலே சேலை கட்டிப் போய்விட்டும் வந்தாள். பாத்ரூம் மூலையில் சும்மா கிடந்த தராசில் ஏறி நிற்கிற தலையெழுத்து கடைசியில் மாமியாருக்கு வாய்த்தது.

எல்லாம் அந்த முட்டியால் வந்த வினை. கந்தப்பளைப் பக்கத்து மலைகளில் இருபத்தொன்பது வருஷம் தேயிலைக் கொழுந்தைச் சுமந்து ஏறி இறங்கியதில் வலது முட்டி தேய்ந்தே போய்விட்டது. ஏழு மாதமாக அவள் வேலைக்குப் போகவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் நோனா என்று எல்லாரும் கூப்பிடும் பெண் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முட்டியை மாற்றித் தருகிறேன், ஆனால் எண்பத்துமூன்று கிலோவோடு வந்தால் மேசையில் ஏற்ற மாட்டேன் என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார். ஜூன் பதினெட்டுக்குள் எழுபத்தைந்துக்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கிலோ இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

தோட்ட ஆபீஸில் வேறு ஒரு கெடு வைத்திருந்தார்கள். டிசம்பருக்குள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்காவிட்டால் தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை வெட்டுவார்களாம். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். மகன் மதுரன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்று நின்று சம்பாதித்து, காம்பராவுக்குப் பின்னால் கட்டிய டைல்ஸ் பாத்ரூமும் அதோடு சேர்ந்து போகும். அவனுக்கும் அவன் பெண்டாட்டி லோஜினிக்கும் தோட்டத்தில் பேர் இல்லை. ஆக மூன்று பேருடைய கூரையும் ஜீவராணியின் ஒற்றை முட்டியில் நின்றது.

அந்தக் கண்ணாடித் தராசோ இடத்துக்கு ஒரு பேச்சுப் பேசியது. பாத்ரூம் டைல்ஸில் எண்பத்திரண்டு என்றது. காம்பராச் சிமெந்தில் எண்பது, பாயின் மேல் வைத்தால் எழுபத்தாறு. ஜீவராணிக்குப் பாய்தான் பிடித்தது. லோஜினி விட்டால்தானே? மட்டமான கெட்டித் தரையில் வைத்தால்தான் சரியாகக் காட்டும் என்று ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக்கொண்டு போய் டைல்ஸில் வைத்தாள். மாமி பாயிலேயே இளைத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று புருஷனிடம் ஃபோனில் சொல்லிச் சிரித்தது ஜீவராணியின் காதில் விழுந்தது. கோதுமை ரொட்டியை நிறுத்தி, விடியற்காலையில் எழும்பிக் குரக்கன் கஞ்சி காய்ச்சி, சீனி டின்னை எட்டாத உயரத்தில் வைத்தவளும் அந்த லோஜினிதான். அதை ஜீவராணி அக்கறை என்று எடுத்துக்கொள்ளவில்லை. என் அடுப்படியில் எனக்கே சீனியை ஒளிக்கிறாளே என்றுதான் பொருமினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கு வெள்ளி தோட்டத்து டிஸ்பென்சரியில் எடை பார்த்து அதில் எழுதி வாங்க வேண்டும். அங்கே எழுதுகிறவர் வீரய்யா. மலையில் கொழுந்து நிறுத்து எழுதிய பழைய கணக்கப்பிள்ளை. வயதாகிப் போன பிறகும் வீட்டில் இருக்க மாட்டாமல் டிஸ்பென்சரியில் வந்து உட்கார்ந்திருந்தார். சாக்குக்கு, தண்ணிக்கு, முத்தல் இலைக்கு என்று அவர் கிலோவை வெட்டாத நாள் கிடையாது. அவர் பேனாவை மண்ணள்ளித் தூற்றாத பெண்ணும் அந்தத் தோட்டத்தில் கிடையாது. தராசின் முகம் எப்போதும் அவர் பக்கம்தான் இருக்கும். யாராவது எட்டிப் பார்த்தால், கணக்குப் படிக்க வந்தாயா என்று கேட்டு மறுநாள் இன்னொரு கிலோ கூட வெட்டுவார். அதனால் முள்ளைப் பார்க்கிற பழக்கமே பெண்களுக்கு விட்டுப்போயிருந்தது. எழுதுகிற கையைப் பார்ப்பார்கள், எழுதியதை வாங்கிக்கொண்டு போய் ஏசுவார்கள்.

டிஸ்பென்சரித் தராசும் முள் வைத்த பழைய தராசுதான். அதன் முகமும் வீரய்யா பக்கம்தான். ஜீவராணி ஏறினாள், பேனாவைப் பார்த்தாள், இறங்கி அட்டையை வாங்கினாள். முதல் வெள்ளியே எண்பது. வீட்டுத் தராசு எண்பத்திரண்டு என்று அழும்போது அட்டை எண்பது என்றால், யாரை நம்புவது? மருமகளை நம்ப அவளுக்கு என்ன பைத்தியமா?

மூன்று மாதம் இப்படியே போனது. டைல்ஸ் எண்பது என்றால் அட்டை எழுபத்தெட்டு. டைல்ஸ் எழுபத்தொன்பது என்றால் அட்டை எழுபத்தேழு. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது ஒரு அடைமழை வெள்ளியில் வீரய்யா எழுபத்துநான்கு என்று எழுதினார். ஜீவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் அவரை ஏசிய வாயால், நல்லா இருங்க ஐயா என்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அட்டையை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். லோஜினி அதை வாங்கிப் படித்தாள். தராசை டைல்ஸில் வைத்து, ஏறச் சொன்னாள். எழுபத்தேழு புள்ளி இரண்டு.

"அட்டைய நம்பாதீங்க மாமி. இன்னும் ரெண்டு கிலோவுக்கு மேல எறங்கணும். மூணு வாரம் இருக்கு, முடியும்."

"நான் எறங்கக் கூடாதுன்னுதானே ஒனக்கு? நொண்டியாவே மூலையில கெடந்தா நீ இந்த வீட்டுக்கு ராணி."

"அப்புடி நெனச்சிருந்தா ஒங்களுக்கு ரொட்டியே சுட்டுப் போட்டிருப்பேன்."

இந்த மாதிரி நியாயமான பேச்சு ஜீவராணிக்கு ஆகாது. நீதான் பொத்தானை அமுக்கிக் கூட்டி வைத்திருக்கிறாய் என்றாள். உன் ஆத்தாளும் அப்படித்தான், கல்யாணப் பேச்சில் உன் வயசை இரண்டு குறைத்துச் சொன்னவள் என்றாள். அதற்கும் லோஜினி குனிந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்ததில் கோபம் தலைக்கேறி, அதைப் பிடுங்கி இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து முன்னால் ஓடும் சாக்கடைக் கானுக்குள் வீசினாள். கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறித்தது. அக்கம்பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. லோஜினி சில்லுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். மறுநாள் காலை பஸ்ஸிலேயே வலப்பனைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறவளைப் போகாதே என்று சொல்ல ஜீவராணிக்கு நாக்கு எழவில்லை. சீனி டின்னைத்தான் கீழே இறக்கி வைத்தாள்.

அந்த மூன்று வாரமும் அவள் ராஜாங்கம்தான். எழுபத்துநான்குக்கு வந்தாயிற்றே, ஒரு தேங்காய் ரொட்டி சாப்பிட்டால் என்ன குடி முழுகிவிடும்? இரண்டு ரொட்டி. சாயத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி. சனியன் பிடித்த கஞ்சியை அவள் மறந்தே போனாள். நடுவில் வந்த வெள்ளிகளில் முட்டி வீங்கியிருக்கிறது என்று டிஸ்பென்சரிப் பக்கம் போகவும் இல்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரித் தராசில் சிவப்பு எழுத்தில் எழுபத்தேழு புள்ளி ஆறு விழுந்தது. ஜீவராணி இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், கொண்டை ஊசிகளைக் கூட உருவி நர்ஸ் கையில் கொடுத்தாள். மறுபடி ஏறினாள். எழுபத்தேழு. டொக்டர் நோனா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை எழுதியது யார் என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அடுத்த இடம் மார்ச் மாதம்தான் என்று புதிய தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மார்ச்சுக்கு முன்னால் டிசம்பர் வரும் என்பது தெரியாத அளவுக்கு ஜீவராணி படிக்காதவள் அல்ல. பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே டிஸ்பென்சரிக்குப் போனாள். அப்போது ஒரு கர்ப்பிணிப் பெண் தராசில் நின்றுகொண்டிருந்தாள். ஜீவராணி காலை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வீரய்யா பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பக்கம் அவள் நிற்பது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. முள் அறுபத்திரண்டில் நின்றது. வீரய்யாவின் பேனா அறுபது என்று எழுதியது.

"அறுபத்திரெண்டு காட்டுது. அறுபதுன்னு எழுதுறீங்க?"

வீரய்யா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட எரிச்சல் மட்டும் இருந்தது.

"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கணும்ல" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். "உடுப்புக்கு. மழ நாளுன்னா மூணு. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கழிக்கிறேன், ஒனக்கு மட்டும் இல்ல."

கர்ப்பிணிப் பெண் தராசிலிருந்து இறங்கவும் தோன்றாமல் இருவரையும் பார்த்தாள். ஜீவராணியின் வாயிலிருந்து அத்தனை வருஷத்து ஐயாவும் ஒரே மூச்சில் உதிர்ந்து போனது.

"என் கொழுந்த வெட்டுன. அது எம்முதுகோட போச்சுன்னு இருந்தேன். இப்ப என் கால வெட்டிட்டியேடா, பாவி."

"எடை கொறஞ்சதுன்னு நீதானே கும்புட்டுட்டுப் போன?" என்றார் வீரய்யா.

அவள் அட்டையைக் கிழித்து அவர் மேசையில் எறிந்தாள். அவர் அப்பன், பாட்டன், பேனா, பென்ஷன் எதையும் மிச்சம் வைக்காமல் ஏசினாள். டிஸ்பென்சர் உள்ளேயிருந்து ஓடி வந்து அவளைப் பிடித்து வெளியே விட்டார். வாசல்படியில் நின்றும் ஏசினாள். தொண்டை கட்டும்வரை ஏசியும் மனசு ஆறவில்லை. இதைத் தன்னோடு சேர்ந்து ஏச ஒரு ஆள் வேண்டும் போலிருந்தது. லயத்துக்கு ஏறி வந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து வலப்பனைக்கு ஃபோன் எடுத்தாள்.

லோஜினி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நடந்தது, டிஸ்பென்சரியில் நடந்தது, எல்லாவற்றையும் ஜீவராணி கொட்டினாள். நீ சொன்னதுதான் சரி, உன் தராசுதான் சரி என்பதையும் மென்று விழுங்கிச் சொன்னாள்.

"கொழுந்து நிறுக்கிற மடுவத்துல அவரு எழுதுனதெல்லாம் பொய்யின்னு நான் கல்யாணம் முடிச்சு வந்த நாளுலருந்து சொல்லிக்கிட்டு இருக்கீங்க மாமி. நான் ஒரு நாளும் ஒங்ககிட்ட பொய் சொன்னதில்ல. அப்பவும் அவரத்தான் நம்புனீங்க."

வீரய்யாவின் ஏழு தலைமுறையை இழுத்த வாயால் ஜீவராணி கெஞ்சினாள். கோபத்தில் நடந்துவிட்டது, நாளைக்கே வந்துவிடு, கஞ்சி காய்ச்சு, குடிக்கிறேன் என்றாள். ஆபரேஷன் எப்போது என்று லோஜினி கேட்டாள். மார்ச் என்றாள் ஜீவராணி.

"டிசம்பர்ல பேர வெட்டிருவாங்க" என்றாள் லோஜினி. "அப்பறம் என்னைய எந்தக் காம்பராவுக்கு வரச் சொல்றீங்க?"

ஜீவராணி குனிந்து தன் வலது முட்டியைப் பார்த்தாள். லோஜினி ஃபோனை வைத்தாள்.