குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர்

“அம்மா, இந்தக் குதிரைங்களுக்கெல்லாம் எப்பத் தண்ணி காட்டுவாங்க?” என்று மகள் சின்ன வயதில் கேட்டாள். இளவரசன் ஒருவன் குதிரைப் படையோடு மலை மலையாகத் தாண்டிப் பறக்கும் கதை அது. தையல்காரியான அம்மா கதை முழுக்கத் தேடினாள்; தண்ணீர் காட்டும் இடம் எங்குமே இல்லை. அன்றிலிருந்து எந்தப் போர்க்கதையைப் படித்தாலும் அவள் கண் முதலில் குதிரைகளைத்தான் தேடும்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கும் நாட்களில் பொழுது போகட்டும் என்று தலையணை கனத்தில் மாயாஜாலப் புத்தகங்களை வாங்கித் தருவதும் அவள்தான். அம்மாவுக்கு வலது கையில் ஊசி, அசைக்கக் கூடாது. இடது கை புத்தகத்தைத் தாங்கவே சரியாக இருக்கும். பக்கம் புரட்டுவது அடுத்த கட்டிலில் இருக்கும் பஸ் டிரைவர். அவருக்கு ஊசி இடது கையில். “விசில் குடு தங்கச்சி, வண்டியை எடுக்கறேன்” என்பார். அவள் தலையசைத்ததும் வலது கையை நீட்டிப் புரட்டுவார். கூலி, அவள் சொல்லும் கதை.

மூன்றாம் பாகத்தில் ஒருநாள் அவள் படீரென்று புத்தகத்தை மூடினாள்.

“கொன்னுட்டான்ணே, பாவி.”

“யாரை, ராஜாவையா?”

“அவனுக்கென்ன கேடு. லாயக்காரரை. அந்தப் புத்தகத்துலயே குதிரைக்குத் தண்ணி காட்டின ஒரே மனுஷன். ராஜாவோட வாளுக்கு நாலு பக்கம் எழுதறான் இந்தக் கதைக்காரன். இவருக்கு அரை வரி. ‘லாயமும் எரிந்தது’. அவ்வளவுதான்.”

“சாவும் அழிவுமா வர்ற இருட்டுக் கதைன்னா அப்படித்தானோ என்னமோ.”

“இருட்டுலதானே அவர் தண்ணி காட்டினாரு. எழுதினவன் கண்ணுக்கு அது தெரியலையே. இனி இதைத் தொடமாட்டேன்.”

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்: “நானும் எவ்வளவோ பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கேன். இறங்கினவங்க யாரு திரும்பிப் பாக்கறாங்க? அந்த ராஜா ஒரு தடவையாவது அவரை நெனைக்கிறானான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

அவள் புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள். கோபம் ஆறவில்லை. மாலைப் பிரார்த்தனையில் லாயக்காரருக்காகவும் வேண்டிக்கொண்டாள். எழுதியவனைப் பற்றிக் கடவுளிடம் புகாரும் வைத்தாள். அடுத்தடுத்த முறைகளில் டிரைவர், “என்னாச்சு நம்மாளு?” என்று கேட்பார். “செத்தவர் செத்தவர்தான்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் புத்தகம் பையின் அடியிலேயே கிடந்தது.

பிறகு ஒரு பிற்பகல் டிரைவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வாந்தி எடுத்து ஓய்ந்து, கண் மூடிக் கிடந்தார். லாயக்காரரைப் பற்றிக் கேட்கக்கூடத் தெம்பில்லை. அவளுக்கு ஊசி எடுத்தாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். நர்ஸ் திரைக்கு அப்பால் வேறொருவரிடம் போயிருந்தாள். டிரைவருடைய உதடு வெடித்திருந்தது. டயாலிசிஸ்காரர்கள் தண்ணீரையே அளந்து குடிக்கிறவர்கள். கிண்ணத்தில் நர்ஸ் வைத்துப்போன ஈரப் பஞ்சை எடுத்து அவர் உதட்டில் ஒற்றினாள். முக்காலியை இழுத்துப் போட்டு, பையின் அடியிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைத் திறந்து மெல்லிய குரலில் படித்தாள். போர் முடிந்திருந்தது. கொடிகள், கொம்பொலி, மறுபடியும் அந்த வாள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

பக்கத்தின் கடைசி வரி: ‘எரிந்த லாயத்தின் முன்னே ராஜா குதிரையை நிறுத்தி’ என்று பாதியில் நின்றது.

பழக்கத்தில் தலையசைத்தாள். யாரும் புரட்டவில்லை. அவருடைய வலது கையை மெதுவாகத் தூக்கி, விரலைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்து, அதைத் தன் கையால் பிடித்துக்கொண்டு புரட்டினாள்.