கெவிட்டர் என்று எழுதிய அட்டை

அம்புஜத்தின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிற்பகலில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் ரகுநாதன் வீட்டின்மேல் மட்டும் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. இரண்டு வருடம் நான்கு மாதம் விடவில்லை. பக்கத்து வீட்டு வேலியோடு மழை நின்றுவிடும். தெருவில் இடுப்பளவு பனி கிடந்த ஜனவரியிலும் அவர் கூரையில் மழைதான். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, சாக்கடையில் அடைப்பில்லை என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ரகுநாதன் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் கற்பித்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடமாக ஜெர்மன்–தமிழ் அகராதி செய்துகொண்டிருந்தார். பெயர் அவருக்கு, கைவலி மனைவி அம்புஜத்துக்கு. ஜெர்மன் தெரியாத அந்த அம்மாள், கோலம் பார்த்துப் போடுவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் பார்த்து அட்டையில் எழுதுவாள். பிறகு அர்த்தம் கேட்பாள். அவர் அரைமணி நேரம் சொல்வதை ஒரே வரியில் எழுதிப் பெட்டியில் போடுவாள். கடைசி அட்டையில் இருந்த சொல் கெவிட்டர், இடிமழைக்கு ஜெர்மன்காரர்கள் சொல்வது. அர்த்தம் கேட்டபோது அவர் கணினியில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். "அப்புறம் சொல்றேன், அம்புஜம்" என்றார். அவள் அட்டையோடு போய்ப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

மழை எதற்கு வந்தது என்று அவருக்கு முதல் நாளே தெரியும். அர்த்தத்தைச் சொன்னால் விட்டுவிடும் என்பதும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. டொராண்டோவிலிருந்து மகள் ஸ்ரீலேகா வந்து, சுவரெல்லாம் பூஞ்சை, வீட்டை விற்றுவிடலாம் என்று அழுதாள். அவர் வாளியை நகர்த்தி வைத்தார். பாவம், மனிதர் ஜன்னலோரம் இடியைக் கேட்டபடி காப்பி குடிப்பார். இரண்டு டம்ளர் கலப்பார்.

டோர்வல் விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஜெயனி ஒருநாள் இடியப்பம் கொண்டுவந்தாள். குடையை மடக்கிவிட்டு வானத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், அன்ரி எவ்வளவு நாளைக்கு மழைக்குள்ள நிண்டு காத்துக்கொண்டிருப்பா?"

தான் தனியாக இல்லை என்பதை மட்டுமே நினைத்திருந்த ரகுநாதனுக்கு வெட்கமாகப் போயிற்று. குடையில்லாமல் பின்தோட்டத்துக்குப் போய் நின்று சொன்னார். ஆதியில் அந்தச் சொல்லுக்கு வெறும் வானிலை என்றுதான் அர்த்தம். முன்னால் நிற்கும் அசை பலவற்றை ஒன்றுசேர்ப்பது. உடன்பிறந்தவர்களை மொத்தமாகச் சொல்லவும் ஜெர்மனில் அந்த அசைதான் வரும். காற்று, மேகம், மழை எல்லாம் கூடியிருந்த சொல்லில் காலப்போக்கில் இடியும் மின்னலுமே தங்கிப்போயின. அரைமணி நேரம் ஆயிற்று. மழை சத்தமில்லாமல் கேட்டுவிட்டு நின்றது.

உள்ளே வந்து பார்த்தால், அட்டையில் அவளுடைய சாய்ந்த கையெழுத்து, மை காயாமல்: 'எல்லாம் சேர்ந்து வருவது.' வழக்கம்போல ஒரே வரி. காயும்வரை காத்திருந்து பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். அன்றைக்கு ஒரு டம்ளர் காப்பிதான் கலந்தார்.

ஸ்ரீலேகா கூரையைச் சரிசெய்தாள். அந்த டிசம்பரில் தெருவில் எல்லா வீட்டுக்கும் விழுந்த பனி அவர் வீட்டுக்கும் விழுந்தது. வாசலில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு வாரித் தள்ளினார்.