நேற்றுத் திறந்த பாட்டில்

நாலு மணிக்குத் திறப்பார்கள் என்று கதவில் எழுதியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு அவள் காத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் நாத்தனார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சின்ன நீல அட்டைப் புத்தகத்தால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"அத விசிறாத. அட்டை பிஞ்சிடும்."

"எங்கண்ணன் எழுதுன புத்தகம். எனக்குக் காத்தாவது வரட்டுமே. உள்ள போய் உக்காரலாம் அண்ணி, தண்ணியாவது குடுப்பாங்க."

"திறக்கறதுக்கு முன்னாடி போனா விருந்தாளி. அரை மணி கழிச்சுப் போனா கூட்டத்துல ஒரு ஆள். ரெண்டும் ஆகாது."

சொன்ன பிறகுதான் அது தன் வாக்கியம் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. இப்போது நாத்தனார் இருந்த அதே இருக்கையில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் அவள் கணவர் சொல்லிவந்தது அது.

அவர் தராசு ஆய்வாளர். ஊர் ஊராகப் போய், கடைகளில் இருக்கும் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை போடுவது வேலை. பத்து கிராம் தவறினாலும் முத்திரையை உடைத்துவிட்டு வருவார், காசுக்கோ கண்ணீருக்கோ மசியமாட்டார். வேலை முடிந்த மாலையில் அந்தந்த ஊரில் எங்கே நல்ல ஒயின் பார் இருக்கிறது என்று தேடி உட்கார்ந்து, பிடித்ததைக் குறித்து வைக்க ஆரம்பித்ததுதான் பிறகு புத்தகமாயிற்று. வட்டாரம் முழுவதற்கும் அறுபத்திரண்டு பார்கள். ஐந்து பதிப்புகள். பதிப்பாளர் அவரை 'மூக்கர்' என்றுதான் கூப்பிடுவார். ஊர் ஊராகக் குடித்துவிட்டுத் திரிவதற்கு ஒரு புத்தகம் வேறா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிரதி இலவசமாக வாங்கிக்கொண்டார்கள்.

அவருடைய முறை எளிமையானது. விலை கூடின பாட்டிலைப் புதிதாகத் திறந்து ஊற்றினால் எந்த பாரிலும் நன்றாகத்தான் இருக்கும், அதில் கடைக்காரரின் யோக்கியதை ஒன்றும் இல்லை என்பார். நேற்றுத் திறந்து மிச்சமான பாட்டிலை இன்று என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதனால் திறந்தவுடன் முதல் ஆளாகப் போய், இருப்பதிலேயே மலிவான ஒயினில் ஒரு கிளாஸ் கேட்பார். ஊற்றுகிறவர் பாட்டிலின் வாயை முதலில் தான் முகர்ந்து பார்க்கிறாரா என்று கவனிப்பார். தான் யார் என்று எங்கேயும் சொன்னதில்லை.

ஓட்டுவது அவள். ஓட்டுகிறவள் குடிக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் பேச்சே கிடையாது, அதனால் பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு வாய் குடித்ததில்லை. மற்றதெல்லாம் அவள் பார்த்தாள். நாற்காலியின் உயரம், விளக்கு கண்ணைக் குத்துகிறதா, கழிப்பறைத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா, ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தால் அவள் பாட்டுக்கு இருக்க விடுகிறார்களா. ஒவ்வொரு பாருக்கும் கடைசியில் பொடி எழுத்தில் அது வரும். உட்காரும் முன் நாற்காலியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். சூடாக இருந்தால் தாங்கள் முதல் ஆள் இல்லை, சோதனை சரிப்படாது.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு காலையில், ஷூவுக்கு நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆறாம் பதிப்புக்கு இன்னும் ஆறு பார்கள் பாக்கி. "பழசெல்லாம் அப்படியே இருக்கட்டும்மா, இந்த ஆறு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, மூக்கர் பேர்லயே வரட்டும்" என்று பதிப்பாளர் கேட்டபோது அவள் உடனே சரி என்றாள். அவர் அரைகுறையாக விட்டுப் போனது அந்த ஒன்றுதான். அதையும் முடித்துவிட்டால் அவர் பேரில் ஒரு பிழையும் மிச்சமிருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. ருசி பார்க்க நாத்தனாரைக் கூட்டிக்கொண்டாள். ஐந்து பார்கள் முடிந்திருந்தன. நாத்தனார் ஐந்திலும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னாள்.

"போன ஊர்லயும் 'நல்லாத்தான் இருக்கு'ன்னுதான் சொன்ன."

"போன ஊர்லயும் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. இல்லாததையா சொல்ல முடியும்?"

ஆறாவது இது. ஐந்தாம் பதிப்பிலேயே இடம்பெற்ற பார்தான், வேறு தெருவுக்கு மாறியிருந்ததால் மறுபடி பார்க்கவேண்டியிருந்தது. நாலு அடித்ததும் இருவரும் தெருவைத் தாண்டினார்கள். நீளவாக்கில் ஒரே அறை, எட்டு மேஜை, பழைய கடையிலிருந்து கொண்டுவந்த மர நாற்காலிகள். அவள் ஒன்றின்மேல் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. உட்கார்ந்தாள்.

கடைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். நாத்தனார் மலிவு ஒயினைக் கேட்டதும் ஒரு பாட்டிலை எடுத்து, கண்ணாடியை மாட்டி, மாட்டியபடியே அதன் வாயை முகர்ந்து, பிறகு ஊற்றினாள். நாத்தனாருக்கு எதிரே இருந்த அவள் தன் நோட்டைத் திறந்து ஒரு கோடு போட்டாள். எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். திரும்பி வந்தபோது கடைக்காரம்மா மேஜையருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தாழ்ப்பாளை மூணு தடவை போட்டுப் பாத்தீங்க. இங்க வரைக்கும் சத்தம் கேட்டுச்சு."

"சும்மா..."

"பழைய கடையிலயும் மூணு தடவைதான். அப்புறம் புத்தகம் வந்துச்சு, பாத்தா கடைசியில தாழ்ப்பாளைப் பத்தி எழுதியிருக்கு. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. சார் வரலையா?"

நாத்தனார்தான் சொன்னாள். கடைக்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்து, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். கண்ணாடிக் கயிற்றைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இனிமே உங்ககிட்டதான் கேக்கணும். மிச்சம் மீதி ஒயினை எல்லாம் ஒரு பாட்டில்ல ஊத்தி வினிகருக்கு வெச்சிருப்போம். கழுத்துல நூல் கட்டியிருக்கும், மாறிடக் கூடாதுன்னு. நீங்க வந்த அன்னிக்கு என் கண்ணாடி உடைஞ்சு போச்சு. நூலைப் பாக்காம அதை எடுத்து ஊத்திட்டேன். நீங்க போனப்புறம்தான் கழுவுறப்ப கிளாஸ்ல நெடி அடிச்சுது. ஒரு வாய் வெச்சாலே முகம் கோணிக்கும்மா. அவரு ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு."

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள்.

"எழுதினது அவருதான்னு தெரிஞ்சதும், கிழி கிழின்னு கிழிச்சிருப்பாருன்னு நெனச்சேன். பாத்தா அப்படி ஒரு பாராட்டு. எல்லாரும் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாங்க. மனசு வரலை. மேஜை டிராயர்லயே கெடக்கு. பாவம் பாத்து எழுதினாராம்மா? பாவம் பாக்கற மாதிரி நான் இருந்தேனா?"

"இல்ல" என்றாள் அவள். "அவர் பாவம் பாக்கற ஆள் இல்ல."

அதற்குள் வேறு இருவர் உள்ளே வர, கடைக்காரம்மா எழுந்து போனாள். அவள் நாத்தனாரிடமிருந்து நீலப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். 'மழை விட்டபின் கழுவிய கல்தரையின் குளிர்ச்சி. வெகுநாள் பூட்டியிருந்த மர அலமாரியைத் திறந்ததுபோல் ஒரு வாசம். முடிவில், யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு.' எத்தனையோ முறை படித்த வரிகள். ஒயினைப் பற்றி இப்படியும் எழுத வருகிறதே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது.

இப்போது அவளுக்கு அந்தக் கார்ப் பயணம் ஞாபகம் வந்தது. மழை விட்டிருந்தது. அவர் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, "நீ சொல்லேன், எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். தரையை நல்லாக் கழுவியிருக்காங்க, கால் சில்லுன்னு இருந்துச்சு என்று அவள் சொன்னாள். உள்ளே நுழைந்ததும் அலமாரி வாசனை அடித்தது என்றாள். நாற்காலி சூடாக இருந்தது, நாம முதல் ஆள் இல்ல, இன்னொரு நாள் வந்து பாக்கணும் என்றாள். வேண்டாம், போதும் என்றார் அவர்.

அதற்கு முந்தின வருஷம் அவருக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது அவர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பால் பொங்கின சத்தம் காதுல விழாத மாதிரி இருக்கீங்களே என்று அவள் திட்டினாள். கோளாறு காதில் என்றுதான் நினைத்தாள். அதற்கு முன்னெல்லாம் காரில் அவர் பேசுவார், அவள் ஓட்டுவாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் கேட்க ஆரம்பித்தார். நீ சொல்லேன், எப்படி இருந்துச்சு? ஒவ்வொரு ஊரிலிருந்து திரும்பும்போதும். இத்தனை வருஷம் கழித்தாவது கேட்கத் தோன்றியதே என்று அவள் உள்ளுக்குள் குளிர்ந்துபோய், வளைவில் வேகத்தைக் குறைத்து, நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அவர் போனபின் இந்தப் பதினோரு மாதமும் அவள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

அவள் பக்கங்களைத் திருப்பினாள். 'விளக்கைத் தணித்துவைத்த கூடத்தின் அமைதி.' அவளுடையது. 'பஞ்சு பொதிந்த முதுகுச்சாய்வு.' அவளுடையது. முன்பதிப்புகளில் இருந்த பழ வாசமும் பட்டை வாசமும் புகை வாசமும் காய்ச்சலுக்குப் பின் எழுதினவற்றில் எங்கேயும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் நிமிராமல்.

நாத்தனார் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தாள். அவளுக்கு மருந்துக்கடை. குடும்பத்தில் யாருக்கு என்ன கோளாறு என்றாலும் முதலில் அவளிடம்தான் வந்து நிற்கும்.

"மூக்குல விடற மருந்து கேட்டு வந்தான். மூணு வகை குடுத்தேன். எதுவும் கேக்கலை. டாக்டர்கிட்டயும் போனான், வாசனை வந்தா வரும், இல்லாட்டி இல்லன்னுட்டாரு."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொல்லாதன்னான்."

"நீ அப்படியே அவர் சொன்னதைக் கேக்கறவ."

"கேட்டேன் அண்ணி, எதுக்குடா மறைக்கிறன்னு. இப்பதான் அவ கார்ல பேச ஆரம்பிச்சிருக்கா, தெரிஞ்சா நிறுத்திடுவான்னான்."

அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். குடித்ததில் கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. இந்த முகத்தை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதை வாயில் வைத்தாலும் நல்லாத்தான் இருக்கு என்கிறவள். அழுகிறவர்களுக்கு எந்த நேரத்தில் எதைக் கொடுக்கவேண்டும் என்று முப்பது வருஷமாகக் கவுன்டருக்குப் பின்னால் நின்று பழகினவள்.

"நிஜமா அப்படிச் சொன்னாரா, இல்ல இப்ப நீ சொல்றியா?"

"சொன்னான்" என்றாள் நாத்தனார். அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்காததால் கொஞ்சம் நம்பலாம்போல இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து அதுவும் போய்விட்டது.

அவள் புத்தகத்தை முன்னாலிருந்து புரட்டி, காய்ச்சலுக்குப் பின் போன பார்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் குறிக்க ஆரம்பித்தாள். முப்பத்தெட்டு வந்தது.

"பதிப்பாளருக்குச் சொல்லணும்" என்றாள். "இதெல்லாம் அப்படியே வரக்கூடாது. அவர் பேர்ல வரக்கூடாது."

"பேர் கெட்டுடும் அண்ணி."

"ஊர்ல ஒருத்தன் தராசுல பத்து கிராம் அடிச்சா இவர் முத்திரையை உடைப்பாரு. நான் மட்டும் கண்ண மூடிக்கிட்டு ஒட்ட வைக்கணுமா?"

"அப்ப முப்பத்தெட்டுக்கும் மறுபடி போகணும்கறீங்க."

"போகணும்."

"என் கல்லீரல நெனச்சுப் பாத்தீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் கண்ணும் கலங்கியது. அதைப் பார்க்காத மாதிரி நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தாள். மேஜையில் வைத்து, ஒரு விரலால் நடுவரைக்கும் தள்ளினாள். பிறகு கையைத் தூக்கிக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

"நேத்து திறந்தது இன்னும் இருக்காம்மா? எனக்கு ஒரு கிளாஸ். வினிகர்லயும் ஒரு சொட்டு வேணும், தனியா."

"அண்ணி, யார் ஓட்டறது?"

"பஸ் இருக்கு. வண்டி இங்கயே நிக்கட்டும், காலையில வந்து எடுத்துக்கலாம்."

கடைக்காரம்மா இரண்டு பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல். இந்த முறை இரண்டு வாயையும் முகர்ந்தாள். நூல் கட்டினதிலிருந்து கிளாஸின் அடி நனையும் அளவுக்கு ஒரு சொட்டும், மற்றதிலிருந்து ஒரு கிளாஸும் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். அவள் வினிகரை முதலில் எடுத்தாள். மூக்கருகே வருவதற்குள்ளேயே கண்ணில் நீர் முட்டியது. அதை நாக்கில் வைத்தாள். தாடை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது. இதை ஒருவர் முகம் கோணாமல், தன் எதிரில், தன்னைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டுவரைக் குடித்திருக்கிறார். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். பிறகு மற்ற கிளாஸை எடுத்து ஒரு வாய் நிறைத்துக்கொண்டு விழுங்காமல் வைத்திருந்தாள்.

நாத்தனார் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க, எப்படி இருக்கு?"

எதிர்ச்சாரியில் கார் நின்றிருந்தது. பக்கத்து இருக்கைக் கண்ணாடியை ஏற்ற மறந்திருந்தார்கள். இறங்கு வெயில் அந்தப் பாதித் திறப்பின் வழியாக நுழைந்து, அந்த இருக்கையிலும், அதைத் தாண்டி அவள் இருக்கையிலும் விழுந்திருந்தது. அவள் அதைப் பார்த்தபடி, வாயில் இருந்ததை இன்னும் விழுங்காமல், கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள்.