பள்ளத்துத் தொட்டிகள்

முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஒரே இனத்து மரம் குளிரான இடத்திலும் வெப்பமான இடத்திலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தால், அந்தந்த இடத்துப் பருவம் விதைக்குள்ளேயே ஏறிவிடுமா?

மலையில் ஆறு இடங்களில் விதை பொறுக்கி, ஒரே நாற்றங்காலில், ஒரே மண்ணும் ஒரே தண்ணீரும் கொடுத்து வளர்த்தாள். குளிர் இடத்துக் கன்று பனிக்குப் பயந்து தாமதமாகத் துளிர்க்க வேண்டும். வெப்ப இடத்துக் கன்று அவசரக்குடுக்கையாக முந்த வேண்டும். ஐந்து இடத்துக் கன்றுகள் சொன்ன பேச்சு கேட்டன. ஆறாவது, அடிவாரப் பள்ளத்துக் கன்றுகள், நாற்பதும் கல்லுளிமங்கன்களாக நின்றன. மலை உச்சிக் கன்றுகளே துளிர்த்து முடித்தும் இவை அசையவில்லை.

தொட்டியில் குத்திய பெயர் அட்டை மாறியிருக்கும் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் உழைப்பில் தப்பு இருக்கவே முடியாதல்லவா! பேராசிரியரும், "நாற்றங்கால் பிழைன்னு ஒரு வரி எழுதிட்டு அந்த வரிசையைத் தள்ளிடு" என்றார். எழுதியும் விட்டாள். ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சிரித்துப் பேச அவளுக்கு வராது. நேரே நாற்றங்கால்காரரிடம் போனாள்.

"அண்ணே, போன வருஷம் கூரை கிழிஞ்சப்ப தொட்டிங்களை இடம் மாத்தினீங்களே, அப்ப அட்டை மாறிடுச்சோ?"

"மாறல."

"பேராசிரியர் அப்படித்தான் எழுதச் சொன்னார். நானும்..."

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "எழுதிக்கோங்கம்மா. அப்புறம் எவன் என்னை நம்பி கன்னு குடுப்பான்? இருபது வருஷத்துல ஒரு தொட்டி மாறினதில்ல."

சொல்லிக்கொண்டே ஒரு தொட்டி மண்ணில் விரலை விட்டு, சின்னத் தகரத் துண்டை எடுத்தார். ஆணியால் கீறிய எழுத்து: பள்ளம்.

"மேல குத்தற அட்டையைக் காக்கா பிடுங்கிட்டுப் போயிடும். அதான் விதை போடற அன்னிக்கே உள்ள ஒண்ணு புதைச்சுடுவேன்."

கொஞ்சமும் கூச்சப்படாமல் அவள் நாற்பது தொட்டியிலும் விரல் விட்டுப் பார்த்தாள். நாற்பதிலும் பள்ளம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு குறுகுறுப்பு. கன்றுகள் பொய் சொல்லவில்லை என்றால், பின்னே யார்?

வீட்டில் அவள் கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். விடிகாலையில் வேனில் ரொட்டி கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவன். அவள் புலம்பியதைக் கேட்டுச் சிரித்தான்.

"அந்தப் பள்ளமா? விடியக்காலைல அங்க இறங்கினாலே வேன் கண்ணாடியைப் பனி மூடிக்கும், கை விறைச்சுடும். மேல ஏறினா சரியாயிடும்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீ கேட்டாத்தானே! ரொட்டிக்காரன்கிட்ட யாரு குளிரைப் பத்திக் கேக்கறா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உயரே போனால் குளிர், கீழே வந்தால் வெப்பம் என்று வரைபடத்தைப் பார்த்தே எழுதியிருந்தாள். பள்ளத்துக்குப் போனதெல்லாம் உச்சி வெயிலில். மறுநாளே அங்கேயும் மலை உச்சியிலும் தானே பதிந்துகொள்ளும் வெப்பமானியைக் கட்டினாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு விடியலிலும் மலை உச்சியைவிடப் பள்ளம்தான் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த காற்று கனம். இரவெல்லாம் சரிவில் தண்ணீர் போல இறங்கி, போக வழியில்லாமல் அங்கே தேங்கியிருக்கிறது. மரங்களுக்கு அது தெரிந்திருந்தது.

திருத்திய பக்கத்தோடு நாற்றங்காலுக்கு ஓடினாள். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்ணே. இதைப் படிங்க."

நாற்றங்கால் பிழை என்ற வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே: "பள்ளத்தின் குளிரை அளக்கத் தவறியது ஆய்வாளரின் பிழை."

அவர் இரண்டு முறை படித்தார். "உங்க மேலயே எழுதிக்கிட்டீங்களே, பட்டம் குடுப்பாங்களா?"

"தெரியலண்ணே."

அவர் பக்கத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். துளிர்க்காத ஒரு கன்றின் நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அடுத்த தடவை அங்க போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? இருபது வருஷமா கன்னு வளக்கறேன். அதுங்க பொறந்த எடத்தை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லம்மா."