பாய்மரத்தடி முடி

எந்தப் புயலில் சிக்கினாலும் தொகுஜி கரை திரும்பிவிடுவான். அதற்குக் காரணம் தன் தலைமுடிதான் என்று அவன் மனைவி கினுவேக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஜப்பானியக் கடலோர ஊரான ஹமாசாக்கியில் படகு கட்டினால் பாய்மரத்தடியில் குழி தோண்டி, தாயக்கட்டை, காசு, காகிதப் பொம்மைகளோடு மனைவியின் முடியையும் வைத்து மூடுவார்கள். அதுதான் படகின் அம்மன். மூடியதைப் படகு பிரிக்கும் நாள்வரை யாரும் திறப்பதில்லை.

காற்று கிளம்பினால் போதும், கினுவே மேடேறிக் கடற்கோயில் வாசலில் போய் நிற்பாள். பக்கத்து வீட்டு மிட்சுயோவும் கூடவே ஓடிவருவாள். கணவாய் காயப்போட்டுப் பிழைக்கும் விதவை. கினுவேயைவிடச் சத்தமாக அழுவாள்.

"என் புருஷனுக்கு நீ ஏண்டி இப்படி அழற? எனக்கே இடம் விடமாட்ட போல" என்று கினுவே அவள் கண்ணைத் துடைத்துவிடுவாள்.

பழைய படகு உளுத்துப்போக, புதுப்படகு தயாரானது. பழைய அம்மனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பூசாரி பிரித்தார். கினுவே புதிதாக வெட்டிய முடியை வெள்ளைத்தாளில் மடித்து இடைக்கச்சையில் செருகியிருந்தாள்.

தாயக்கட்டை வந்தது. காசு வந்தது. கடைசியில் முடி. செம்பட்டை, சுருட்டை.

கினுவேயின் முடி கருகருவென்று நேராக இருக்கும். ஊரிலேயே சுருட்டை ஒரே தலையில்தான். அந்தத் தலைக்குக் கேலி பேசிக்கொண்டே எத்தனை முறை எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டிருக்கிறாள்!

"நான் குடுத்த முடி எங்கேங்க?"

தொகுஜி தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்தான். "சாமி முன்னாடி மானத்தை வாங்காத."

"யார் மானத்தை?"

பூசாரி இருமினார். "புதுப்படகுல எதை வைக்கட்டும்?"

கினுவே தன் பொட்டலத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டால் போதும், மீதியை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்த ஆசை அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திருட்டுப்பயல்தான், ஆனால் கடலுக்குப் பயந்தவன். "பழசையே வைங்க" என்றான் தொகுஜி. "இத்தனை காலமும் என்னைக் கரை சேர்த்தது அதுதானே. மாத்தப் பயமா இருக்கு."

கிழிகிழியென்று கிழிக்க வாய் திறந்தாள் கினுவே. பிறகு தன் பொட்டலத்தை எடுத்து மறுபடி இடைக்கச்சையில் செருகிக்கொண்டாள். பொய் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாள். ஆனால் அவன் சொன்னது உண்மை.

பூசாரி சுருட்டை முடியைப் புதுத்தாளில் மடித்து மந்திரம் சொன்னார். அவன் மூழ்கிப்போகட்டும் என்று நினைக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. அங்கே சாமி கும்பிடும் முறைப்படி எல்லோரோடும் சேர்ந்து கைதட்டி, மிட்சுயோவின் முடியைக் கும்பிட்டாள்.