நெய்ச்சோறும் வாப்பாவின் எடையும்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. வெளிமாநிலத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உடல்நலம் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். "நீ சயின்ஸ் படிச்ச பொண்ணுதானே" என்றார்கள். மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்ததால் சரி என்றேன்.

நடுவயதில் புகைப்பதை விட்டால் உடலில் என்ன நடக்கும் என்று எழுதத் தொடங்கினேன். இதயத் துடிப்பு இறங்கும். நாக்குக்கு ருசி திரும்பும். மூக்குக்கு வாசனை திரும்பும். முதல் பத்தி ஒழுங்காக வந்தது. பிறகு இந்த வாக்கியம் வந்தது:

"சிலருக்கு எடை கூடும். அதற்குக் காரணம்—"

அங்கேயே நின்றுவிட்டேன். பாடப்புத்தகக் காரணம் எனக்குத் தெரியும். நிக்கோடின் பசியை அடக்கி வைத்திருக்கும், அது போனதும் பசி எழும். ஆனால் எங்கள் வீட்டில் காரணம் உம்மா.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "கேம்ப் பகுதியில் பெட்டிக்கடை— [பெட்டிக்கடை என்றால் வேறு அர்த்தம் வருகிறது. பயணப் பெட்டிகள், பைகள் விற்கும் கடை] வைத்திருக்கும் யூசுஃப், ஐம்பத்திரண்டு வயதில், நோன்பு மாதத்தில் சிகரெட்டை விட்டார்."

உண்மைதான். ஆனால் ஏதோ வீரத் தீர்மானம்போல ஒலிக்கிறது. நடந்தது அப்படியல்ல. நோன்பு நாட்களில் வாப்பா பகல் முழுக்கப் புகைக்க மாட்டார். நோன்பு திறந்ததும் மாடிப்படிக்குப் போய்விடுவார். ஒரு நாள் கஞ்சி குடித்த அலுப்பில் அப்படியே தூங்கிப்போனார். மறுநாள், "நேத்து ஒண்ணுகூடப் பிடிக்கலையே" என்று அவரே ஆச்சரியப்பட்டார். இன்றும் பார்ப்போம் என்றார். பெருநாள்வரை பார்த்தார்.

(ஆ) "சைனபுவின் துஆவை ஆண்டவன் ஏற்றுக்கொண்டான்."

சைனபு என் உம்மா, துஆ என்றால் வேண்டுதல். இப்படித்தான் அவர் தொடங்கியிருப்பார். எழுதுவது நான் என்பதால் அடித்தேன். அடித்த பிறகும் இது பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

(இ) "என்ன பாய், பீப்பா மாதிரி ஆயிட்டீரு!"

பக்கத்தில் குடைக் கடை வைத்திருக்கும் அருணாச்சலம் மாமா சொன்னது. அவரும் எங்களைப்போல நெல்லைப் பக்கம். ஒல்லி. புகைப்பவர். இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

3

வாப்பா எப்படிப் பீப்பா ஆனார்?

உம்மா ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். வாப்பா சிகரெட்டை விட்டால், ஒரு வருடம் வெள்ளிதோறும் நெய்ச்சோறு ஆக்கி நாலு பேருக்குக் கொடுப்பதாக. நாலு பேர் என்றால் எங்கள் கட்டடத்து வீடுகள். ஆனால் சட்டியைத் திறந்ததும் முதல் தட்டு வாப்பாவுக்கு. அவருக்காக வைத்த நேர்ச்சை அல்லவா. அதை மிச்சம் வைக்கக் கூடாது. இரண்டாம் முறை போட்டால் வேண்டாம் என்று சொல்லவும் கூடாது.

பிறகு டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது வாப்பாவின் வேலை. இந்த ஊரில் யாரும் டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருவதில்லை.

"காலி டப்பா எப்படிக் கொடுக்கிறது பாய், அச்சா நஹி லக்தா, நல்லாவா இருக்கும்?" என்பார் கீழ்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி. உள்ளே கேக் இருக்கும். எதிர்வீட்டு டப்பாவில் தயிரில் செய்த ஸ்ரீகண்ட் இனிப்பு. வாப்பாவுக்கு ருசி புதிதாகத் திரும்பியிருந்தது. டப்பாக்கள் வீடு வந்து சேரும்போது பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

(இங்கே ஒரு குறிப்பு. நான் குறை சொல்லவில்லை. சின்ன வயதில் வாப்பா வீடு திரும்புவதை இருமலை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். இருமல் முதலில் வரும், பிறகு அவர் வருவார். இப்போது சத்தமில்லாமல் வந்து நிற்கிறார், நானும் உம்மாவும் திடுக்கிடுகிறோம். அந்தத் திடுக்கிடலுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நெய்ச்சோறு ஆக்கத் தெரிந்திருந்தால் நானும் ஆக்கியிருப்பேன்.)

ஆறு மாதத்தில், டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிகரெட்டை விட்டது பெரிய காரியம். ஆனால் இப்படியே போனால் சர்க்கரை வரும். எடையைக் குறைங்க."

வெளியே வந்ததும் வாப்பா, "புகைச்ச காலத்துல ஒரு டாக்டரும் என்னைத் திட்டினதில்ல" என்றார்.

"நீங்க ஒரு டாக்டர்கிட்டயும் போனதில்ல" என்றார் உம்மா.

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன்.

ஒரு மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ரசீதுப் புத்தகம் எடுக்க வாப்பா மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு சிகரெட் பெட்டி. புதியது. நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

முதல் வரைவில் நான் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். இரண்டாம் வரைவில் அழுதேன். இரண்டையும் எழுதிய பிறகு, யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. நான் உண்மையில் சொன்னது:

"வாப்பா, சட்டை பட்டன் தெறிச்சுருக்கு."

அவர் குனிந்து வயிற்றைப் பார்த்தார். சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அருணாச்சலம்தாம்மா சொன்னான். ரெண்டு மாசம் பிடிச்சா எடை தானா இறங்கிடுமாம். இறங்கினதும் திரும்ப விட்டுடுவேன். ஒரு தடவை விட்டவனுக்கு இன்னொரு தடவை விடத் தெரியாதா?"

"பிரிச்சீங்களா?"

"இன்னும் இல்ல."

"அதுக்கு நெய்ச்சோறு வேணாம்னு சொல்றது சுலபமில்லையா?"

"யாருகிட்ட, உங்க உம்மாகிட்டயா?" என்றார் வாப்பா. "சிகரெட்டை விட்டதே அதைவிடச் சுலபம். அவ வைக்கிற தட்டைத் தள்ளினா, அவ நேர்ச்சையத் தள்ளின மாதிரி இருக்கும்மா. இத்தனை வருஷம் இருமிக்கிட்டே அவளத் தூங்கவிடல. இதையாவது தின்னுட்டுப் போறேன்."

மனைவிக்கு நன்றி காட்டச் சாப்பிட்டு, சாப்பிட்ட எடையைக் குறைக்கப் புகைக்க நினைக்கிற ஒரு மனிதர். கதாபாத்திரமாகக் கற்பனை செய்திருந்தால் நம்பும்படி இல்லை என்று அடித்திருப்பேன்.

"உம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

5

பெட்டியைச் சொல்லவில்லை. சோற்றை மட்டும் சொன்னேன்.

உம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாப்பாவுக்கு முதல் தட்டு வேணாமாம், உம்மா."

"அவரா சொன்னாரு?"

"சொல்லக் கூச்சப்படுறாரு."

"அந்தக் கூச்சத்தைத்தான் உனக்கும் குடுத்துருக்காரு." கத்தி நின்றது. நேர்ச்சை என்றால் நேர்ச்சைதான், நீ படிச்ச படிப்பை இதில் கொண்டுவராதே என்று சொல்வார் என நினைத்தேன். அப்படி ஒரு வசனத்தை எழுதியும் வைத்திருந்தேன். [வீணாகப் போயிற்று.]

உம்மா சொன்னது: "நாலு பேருக்குக் குடுக்கிறேன்னுதான் நேர்ந்தேன். முதல் தட்டு அவருக்குன்னு ஆண்டவன் கேக்கல. நானாத்தான் வச்சேன்." பிறகு, "வேணாம்னா அவரு வாயில சொல்றதுக்கு என்ன? நான் என்ன அடிக்கவா போறேன்?"

அடுத்த வெள்ளி சோறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டது. வெளியூரிலிருந்து வந்து பெரிய ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கு. இரண்டு பைகளையும் வாப்பாவிடம் கொடுத்து உம்மா சொன்னார்: "ஆட்டோவுல போகாதீங்க. நடந்து போங்க. நேர்ச்சை."

"இது எப்ப நேர்ந்த?"

"இப்ப."

6

முதல் வெள்ளி வாப்பா வழி முழுக்க நின்று நின்று போனார். அங்கே சோலாப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "காகா, ஜேவலாத் கா?" என்று கேட்டாராம். பெரியவரே, சாப்பிட்டீர்களா என்று. "அந்தப் பொண்ணு, என் வயித்தைப் பாத்த பிறகும் கேட்டுச்சு அனீசா" என்று வாப்பா என்னைக் கூப்பிட்டுப் பலமுறை சொல்லிவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. மறுநாளிலிருந்து தினமும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்க ஆரம்பித்தார். இரவில் இரண்டு பாக்ரி என்கிற சோள ரொட்டி, கீரை. ஸ்டெல்லா ஆன்ட்டியின் கேக் இப்போது எனக்கு வருகிறது.

எடை இறங்குகிறது. கதைக்கு வேண்டிய வேகத்தில் அல்ல, உடம்புக்குப் பிடித்த வேகத்தில். டாக்டரம்மா அடுத்த தாளைப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். உம்மா அன்று படியிறங்கும்போதே அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அந்தப் பெட்டி என்னாயிற்று?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

வாப்பா சொன்னது: "அருணாச்சலத்துக்கிட்டக் குடுத்துட்டேன்."

அருணாச்சலம் மாமா சொன்னது: "எனக்கா? உங்க வாப்பா டீயே வாங்கித் தர மாட்டாரு!"

இதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

7

நான்காம் பகுதியை அச்சில் பார்த்தால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் வாப்பாவிடம் முதலில் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போடு. உம்மாகிட்ட நானே சொல்லிடுறேன். ஆனா அந்தப் பட்டனை எடுத்துரு."

[எடுக்கவில்லை. மன்னிக்கணும் வாப்பா.]

8

நாளை கடைசி வெள்ளி. நேர்ச்சை முடிகிறது. உம்மாவுக்கு ஒரு வாரமாக நிம்மதி இல்லை.

"காவலை எடுத்துட்ட மாதிரி இருக்கு" என்கிறார்.

"அப்ப என்னைக் காப்பாத்தினது சோறா?" என்கிறார் வாப்பா.

"சோறு இல்லீங்க. ஆண்டவன்."

"அவனுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தானா வேலை?"

உம்மா சிரிக்கவில்லை. நானும்தான். கதைக்கு முடிவு தேடும்போது அந்தப் பயம் எனக்கும் வந்தது. ஒரு முடிவில் உம்மா இன்னொரு வருடத்துக்கு நேர்ந்துகொண்டார். இன்னொன்றில் வாப்பா எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னார், உம்மா எப்போதோ தெரியும் என்றார். மூன்றாவதை எழுத ஆரம்பித்தேன்: "அடுத்த சனிக்கிழமை வாப்பா மேசை இழுப்பறையைத் திறந்து—"

எழுதக் கை வரவில்லை.

புகைப்பதை விட்ட ஒருவரின் கதைக்கு உண்மையில் இரண்டே முடிவுகள். ஒன்று, அவர் மறுபடி பற்றவைப்பது. மற்றொன்று, பற்றவைக்காமலே ஒரு நாள் அவர் கண்மூடி மௌத்தாவது. நடுவில் இருப்பதெல்லாம் இன்னும் முடியாத கதை. எனக்கு அந்த நடுவே போதும். அது எத்தனை வருடமானாலும் நீளட்டும், சுவாரசியம் குறைந்தாலும் பரவாயில்லை.

மலர்க் குழுவினருக்கும் உங்களுக்கும் ஒரு முடிவு வேண்டுமென்றால், மேலே உள்ளவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை மட்டும் தொடாதீர்கள்.

உம்மா அடுக்களையிலிருந்து கேட்கிறார்:

"எழுதி முடிச்சிட்டியா புள்ள?"

"இல்ல உம்மா."