கையில் விளக்குமாறு இல்லாத ஃபிட்டர்

1

இந்தக் கதை என் பொறாமையில் பிறந்தது. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் பாய்லர் பார்ப்பது என் வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பத்தாறு வயதாகிவிட்டது. கதை அதற்கும் பிறகுதான்.

முதல் வரி: 'அறை முழுக்க வெள்ளை வெளேரென்று ஆவி—'

வேண்டாம், பொய். ஆவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டில் மூக்கைப் பாருங்கள். மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒன்றுமில்லாதது போல் இரண்டு விரல் இடம் இருக்கும். அதுதான் ஆவி. வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மறுபடி தண்ணீரானது.

2

இதையெல்லாம் நானே சொன்னால் பீற்றிக்கொள்வது போலிருக்குமே என்று ஒரு ஃபிட்டரை உண்டாக்கி அவன் வாயில் போட்டேன்.

குழாயில் உஸ்ஸென்று சத்தம். எங்கே கசிகிறதென்று தெரியவில்லை. இஸ்திரி போடுகிறவள் கையை நீட்டப் போகிறாள். ஃபிட்டர் அவளைத் தடுத்து, விளக்குமாற்றைக் குழாயோரமாக நகர்த்துகிறான். ஓரிடத்தில் குச்சிகள் படபடக்கின்றன.

"பாத்தியா, அங்கதான் ஓட்டை. வெந்நி பட்டா அதோட சூடு மட்டுந்தான். ஆவி உன் தோல்ல பட்டுத் தண்ணியா மாறுறப்போ, முன்னாடி வாங்கின சூட்டையெல்லாம் சேத்து உன்மேலயே எறக்கிட்டுப் போகும்."

அவள் அவனைப் பார்த்துச் சிரித்த— (அடித்துவிட்டேன். காரணம் கீழே.)

3

எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டுவேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"உங்க ஃபிட்டர் எவ்ளோ பதமா பேசுறான்."

"அதெல்லாம் நான் சொன்னதுடி. இருபது வருஷமா உங்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"நீங்க சொன்னா கொட்டாவி வருது. அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

(உடனே அவனுக்கு வழுக்கை கொடுத்தேன். "வழுக்கையும் ஒரு களைதான்" என்றாள்.)

மறுநாள் நான் சோற்றுப்பானையைத் திறக்கப் போனேன்.

"தள்ளி நின்னு மூடியை எடுங்க. ஆவி அடிச்சிடும். ஃபிட்டர் சொன்னான்ல."

பாய்லர்காரனான என்னிடம்.

4

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

ஃபிட்டரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். 'விலாசம் குடுத்தானா' என்று கேட்பாள்.

அவனைத் திருடனாக்கலாம். பாதிப் பக்கம் எழுதியும் திருட மாட்டேன் என்கிறான்.

மூன்றாவதை எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி உஸ்ஸென்று சத்தம். ஃபிட்டர் வெறுங்கையோடு குழாயை நோக்கிப் போகிறான்.

"விளக்குமாறு எங்க?"

"மறந்துட்டான்."

"அவன் மறக்கிற ஆளில்ல. நீங்கதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்க. குடுத்துடுங்க."

"குடுக்கலேன்னா?"

"இனிமே எனக்கு எதையும் படிச்சுக் காட்ட வேணாம்."

5

ஒரு வரி எழுதினால் அவன் பிழைப்பான். பிழைத்தால் நாளைக்கும் என் வீட்டில் அவன் பேச்சுதான். எழுதாவிட்டால் வீட்டில் பேச்சே இருக்காது. அவளோ உரித்த பூண்டையே திரும்ப உரித்துக்கொண்டு காதை இங்கே வைத்திருக்கிறாள்.

வாசிக்கிறவரே, அவன் இன்னும் கையை நீட்டவில்லை. நிறுத்துவதென்றால் நீங்கள் ஒரு சத்தம் போடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.